வட்ட ரம்பத்துக்கு விலை குறைந்த அலுமினியக் கைடு வாங்கலாமா?

கோத்தகிரிக்கு அருகே வீட்டை ஒட்டிச் சிறிய பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. அவரிடம் 7 அங்குலம் என்று சொல்லப்படும் 185 மி.மீ. பிளேடு கொண்ட கை வட்ட ரம்பம் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு சில்வர் ஓக் பலகையில் தேனீப் பெட்டிகளும் பிளைவுட்டில் அலமாரித் தட்டுகளும் செய்கிறார். ரம்பத்தின் அடித்தகட்டில் மாட்டிக்கொண்டு, பலகையின் விளிம்பை ஒட்டி நகர்த்தி, ஒரே அகலத்தில் நேராக அறுக்க உதவும் அலுமினியக் கைடு ஒன்று சுமார் ரூ. 2,000 விலையில் இணையத்தில் கிடைக்கிறது. அதை வாங்கலாமா என்பதும், அதையே தம்பியின் 4 அங்குல மார்பிள் கட்டரிலும் மாட்டிக்கொள்ள முடியுமா என்பதும் அவருடைய கேள்விகள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வாங்க வேண்டாம். அந்தத் தொகையில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து நல்ல பிளேடு ஒன்றை வாங்குங்கள். நேராக அறுப்பதற்கான கைடை பிளைவுட்டில் நீங்களே செய்துகொள்ளுங்கள். தேனீப் பெட்டிகளை ஒன்றிரண்டாக இல்லாமல் தொகுதியாகச் செய்து விற்கும் நிலை வரும்போது இந்த அலுமினியக் கைடு விலைக்குத் தகுந்த பயனைத் தரும். அப்போதும் கையில் வந்தவுடன் அதைச் சோதித்துப் பார்த்த பிறகே வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. பலகையின் விளிம்பில் உராய்ந்து நகரும் ஓரப்பட்டை ஒரு புறம், ரம்பம் உட்காரும் தட்டு மறு புறம், இரண்டையும் இணைக்கும் அளவுக்கோல் பொறித்த தண்டு நடுவில். தண்டை 30 செ.மீ.க்கு வைத்து இறுக்கினால், விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளியே பிளேடு போகும். ஆகவே விளிம்பு நேராக இருந்தால் அறுப்பும் நேராக இருக்கும். விளிம்பு அலை அலையாக இருந்தால் அந்த அலை அப்படியே அறுப்பிலும் வந்துவிடும். தொழிற்சாலையிலிருந்து வரும் 8-க்கு 4 அடி பிளைவுட்டின் விளிம்பு நேராக இருக்கும் என்பதால் அலமாரித் தட்டுக்கு இந்தக் கைடு நன்றாக உழைக்கும். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்காக வளர்ந்த சில்வர் ஓக்கை மில்லில் அறுத்துக் கொண்டுவந்தால், பல பலகைகளின் ஓரத்தில் பட்டைகூட ஒட்டிக்கொண்டிருக்கும். காயக் காய அவை வில்லைப் போல வளையவும் செய்யும். அந்தப் பலகைக்கு முதல் நேர் விளிம்பை உண்டாக்குவது இந்தக் கைடால் ஆகாத காரியம். அதற்கு இழைப்புளி வேண்டும், அல்லது பலகையின் மேலே வைத்துப் பிடிக்கும் நேரான கைடு வேண்டும். நீங்கள் எப்படியும் அந்த இரண்டாவது வகைக் கைடைச் செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதே என் முதல் காரணம். அதைச் செய்துவிட்டால் அலுமினியக் கைடின் வேலையில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடும்.

இனி தேனீப் பெட்டிக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் வேலைகளில் துல்லியம் உண்மையாகவே தேவைப்படுவது அதில்தான். நம் மலையில் வளர்க்கும் இந்தியத் தேனீக்கு, அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே சுமார் 8 மி.மீ. இடைவெளி விட வேண்டும். அது பெரிதாகப் போனால் தேனீக்கள் அங்கே குறுக்கு அடை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு இணைத்துவிடும்; குறைந்து போனால் அவை நடமாட முடியாது. பெட்டியின் மேல் அறையும் கீழ் அறையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் இடைவெளி விழுந்தால் எறும்பும் மெழுகுப் பூச்சியும் நுழைய வழி கிடைக்கும். ஆகவே ஒரு பெட்டிக்கான நான்கு சுவர்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இன்று செய்த மேல் அறை, அடுத்த ஆண்டு செய்யும் கீழ் அறையின் மேல் உட்கார வேண்டும். பலகையை நீளவாக்கில் ஒரே அகலத்துக்கு அறுக்கும் இந்த ஒரு வேலையில் அலுமினியக் கைடு மிகவும் நல்லது. ஒருமுறை அளவு வைத்து இறுக்கிவிட்டால், ஒவ்வொரு பலகைக்கும் கோடு போட்டுக் கிளாம்ப் மாட்டிக் கழற்றும் நேரம் மிச்சமாகும், எல்லாப் பலகைகளும் ஒன்றுபோலவே வரும்.

அதே பலகையைக் குறுக்கே துண்டு போடும் வேலைக்கு அது உதவாது. ஓரப்பட்டை உராய்வதற்கு நீளமான விளிம்பு வேண்டும். 16 அல்லது 20 செ.மீ. அகலமுள்ள பலகையின் முனையில் ஓரப்பட்டையை வைத்தால், அறுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் பட்டையின் பாதி அந்தரத்தில் நிற்கும். அந்தக் கணத்தில் ரம்பம் திரும்பும், அறுப்பும் கோணலாகும், கைக்கும் ஆபத்து. குறுக்கு அறுப்புக்கு விலை குறைந்த முக்கோண மூலைமட்டம் ஒன்றும், நீளத்தை ஒரே அளவில் நிறுத்த ஒரு தடுப்புக் கட்டையும் போதும். சட்டத்துக்கான மெல்லிய கம்பைகளையோ கை ரம்பத்தில் அறுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு விரல் அகலத்துக்கும் குறைந்த துண்டைக் கை ரம்பத்தில் அறுக்கும்போது பிடிப்பதற்கும் இடமில்லை, அடித்தகடு உட்காரவும் இடமில்லை. மில்லில் உங்கள் அளவைச் சொல்லி ரீப்பராக அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கணக்குப் பார்த்தால் ஒரு தேனீப் பெட்டியின் அறுப்பு வேலையில் இந்தக் கைடின் பங்கு ஒரு பகுதிதான். நான்கைந்து பெட்டிகள் செய்பவருக்கு அது மிச்சப்படுத்தும் நேரம் பெரிதில்லை. ஐம்பது பெட்டிகள் செய்பவருக்கு அது பெரிய நேரம்.

துல்லியத்தைப் பற்றிப் பேசும்போது மரத்தின் ஈரத்தை விட்டுவிட்டுப் பேசுவதில் பொருளில்லை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது மரம் ஏறத்தாழ 12 விழுக்காடு ஈரத்தில் நிலைகொள்ளும். காற்று 80 விழுக்காட்டுக்குப் போனால் மரத்தின் ஈரமும் 16 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். இந்த 4 விழுக்காட்டு வேறுபாட்டிலேயே 20 செ.மீ. அகலமான பலகை ஒன்று 1 முதல் 2 மி.மீ. வரை விரியவோ சுருங்கவோ செய்யும். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியும் மழையுமாக இருக்கும் வாரங்களில் அறுத்த பலகை மாசி, பங்குனியில் வேறு அளவில் நிற்கும். எவ்வளவு விலை உயர்ந்த கைடைக் கொண்டு அரை மி.மீ. துல்லியத்தில் அறுத்தாலும் இந்த அசைவின் முன் அது கரைந்துவிடும். அதனால் பலகைகளை நடுவே குச்சி வைத்து அடுக்கி, மழை படாமல், காற்று புக, தை மாதம் தொடங்கிக் கோடைவரை உலரவிட்டு, ஒரு பெட்டியின் எல்லாப் பாகங்களையும் ஒரே பருவத்தில் அறுங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் எந்தக் கைடையும்விட இது உங்கள் பெட்டிகளைப் பொருத்தமாக்கும்.

இப்போது கையில் இருப்பதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்கிறேன். பெரும்பாலான வட்ட ரம்பங்களோடு, ஆங்கில எழுத்தான டி-யின் வடிவில் ஓர் இரும்புக் கைடு வரும். பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். அதன் குறை என்னவென்றால் ஓரப்பட்டை குட்டையாக இருப்பதும், தண்டு மெல்லியதாக இருப்பதும்தான். பட்டையில் துளை இருந்தால், இல்லாவிட்டால் இரண்டு துளை போட்டு, ஓர் அடி நீளமுள்ள நேரான ரீப்பர் துண்டு ஒன்றைத் திருகாணியால் பிணைத்துவிடுங்கள். 15 செ.மீ. அகலம்வரை அறுக்க இதுவே நன்றாக வேலை செய்யும். தேனீப் பெட்டியின் சுவர்ப் பலகைகளில் பல இந்த அளவை ஒட்டியே வருபவை என்பதை நினைவில் வையுங்கள்.

அதைவிட அகலமான அறுப்புக்கு பிளைவுட் கைடு. 6 மி.மீ. பிளைவுட்டில் ஏறத்தாழ ஓர் அடி அகலத்தில் ஒரு பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல், தொழிற்சாலை விளிம்பு கொண்ட 12 மி.மீ. பிளைவுட் சட்டம் ஒன்றை, அந்த நேர் விளிம்பு ரம்பத்தின் பக்கம் பார்க்கும்படி ஒட்டிக் கீழிருந்து திருகாணி போடுங்கள். பசை உலர்ந்தபின், சட்டத்தின் நேர் விளிம்பை ஒட்டி ரம்பத்தை ஒருமுறை ஓட்டுங்கள். கீழ்ப்பட்டையின் உபரிப் பகுதி அறுந்து விழும். மீதி நிற்கும் விளிம்பு உங்கள் பிளேடு போகும் கோட்டுக்குச் சரியாக நிற்கும். அதன்பின் பலகையில் போட்ட கோட்டின் மேல் இந்த விளிம்பை வைத்து, இரு முனைகளிலும் கிளாம்ப் போட்டு அறுக்க வேண்டியதுதான். அடித்தகட்டின் அகலத்தைக் கழித்துக் கணக்குப் போடும் வேலையே இல்லை. விளிம்பு மரத்தை அழுத்திப் பிடித்திருப்பதால் அந்தப் பக்கத்தில் பிளைவுட்டின் மேல்தோல் சிராய்ப்பதும் வெகுவாகக் குறையும். 4 அடிக்கு ஒன்று, 8 அடிக்கு ஒன்று என இரண்டு செய்துகொண்டால் முழுத் தாளையும் அறுத்துவிடலாம். வளைந்த ஓரமுள்ள சில்வர் ஓக் பலகைக்கு முதல் நேர் விளிம்பைத் தருவதும் இதுவே.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். பிளேடு மாறினால் பல்லின் அகலமும் மாறும், பல் அகலம் மாறினால் கைடின் விளிம்பும் பொய்யாகிவிடும். ஆகவே எந்தப் பிளேடுக்காகச் செய்தது என்று கைடின் மேலேயே எழுதி வையுங்கள். மற்றொன்று நம் ஊர் ஈரம். ஈரத்தைத் தாங்கும் தரத்துப் பிளைவுட்டைத் தேர்ந்து, நான்கு பக்கமும் வார்னிஷ் அடித்து, சுவரில் சாய்க்காமல் தட்டையாகப் படுக்க வைத்தால் அது ஆண்டுக்கணக்கில் நேராக இருக்கும்.

பிளேடைப் பற்றி. ரம்பத்தோடு வரும் பிளேடு பெரும்பாலும் 24 பல் கொண்டது. மரத்தை நீளவாக்கில் விரைவாக அறுக்க அது ஏற்றது, ஆனால் பிளைவுட்டில் ஓரம் பிய்ந்து வரும். 40 பல் கொண்ட டி.சி.டி. பிளேடு, அதாவது பல் நுனியில் கடினமான கார்பைடு பதித்த பிளேடு, ஒன்றை வாங்கினால் உங்கள் இரண்டு வேலைகளுக்கும் நடுத்தரமாகப் பொருந்தும். அலமாரி வேலை மிகுந்தால் 60 பல் நல்லது. பிளேடின் நடுத்துளை உங்கள் ரம்பத்தின் அச்சுக்குப் பொருந்துகிறதா என்றும், பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் உங்கள் ரம்பத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கோணலாக அறுக்கிறது, மரம் கருகுகிறது என்று ரம்பத்தின் மேல் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை மழுங்கிய பிளேடால் வருபவை. பைன், கற்பூர மரம் போன்றவற்றை அறுத்தால் பல்லின் பக்கங்களில் பிசின் படிந்து உராய்வு கூடும். பிளேடைக் கழற்றி மண்ணெண்ணெயில் சற்று நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். துடைத்து நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

சரி, தொகுதியாகப் பெட்டி செய்யப் போகிறேன், கைடை வாங்கியே தீருவேன் என்றால் என்ன பார்க்க வேண்டும்? முதல் சோதனை கைடுக்கு இல்லை, உங்கள் ரம்பத்துக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை மூடியிருக்கும் கீழ்க் காப்பை உயர்த்தி, ஒரு பல்லில் சாக்கட்டியால் குறி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து அடித்தகட்டின் ஓரத்துக்கு உள்ள தூரத்தை அளந்து, அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி மீண்டும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். விலை குறைந்த ரம்பங்களில் அடித்தகடு மெல்லிய இரும்புத் தகட்டால் ஆனது. ஒருமுறை கீழே விழுந்தாலே வளைந்துவிடும். தகடு கோணலாக உள்ள ரம்பத்தில் எந்தக் கைடை மாட்டினாலும் பிளேடு பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும்.

கைடில் முதன்மையாகப் பார்க்க வேண்டியது ஆட்டம். தண்டைக் கடைசிவரை நீட்டி, எல்லாத் திருகுகளையும் இறுக்கி, ஓரப்பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஓரப்பட்டை 20 செ.மீ. நீளமிருந்து, அதன் இரு முனைகளுக்கும் இடையே அரை மி.மீ. ஆட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கும் ரம்பம் அதனால் ஒன்றரை மி.மீ. முன்பின்னாக நகரும். அறுப்பின் அகலத்தில் இதனால் வரும் பிழை கண்ணுக்கே தெரியாது என்பதால் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதே ஆட்டத்தில் பிளேடின் திசையும் மாறுகிறது. ஓர் அங்குலப் பலகையை அறுக்கும்போது 185 மி.மீ. பிளேடின் சுமார் 14 செ.மீ. நீளம் மரத்துக்குள் இருக்கும். அந்த நீளத்தில் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் மூன்றில் ஒரு மி.மீ. விலகல் வந்துவிடும். பல் 2.4 மி.மீ., தகடு 1.6 மி.மீ. என்று வரும் ஒரு பிளேடில் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் கிடைக்கும் சந்து வெறும் 0.4 மி.மீ. ஆகவே இந்தச் சிறு ஆட்டமே சந்தை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். மரம் கருகுவது, மோட்டார் திணறுவது, ரம்பம் பின்னால் உதைப்பது எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஓரப்பட்டை நீளமாக இருக்கும் கைடையே தேர்ந்தெடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். குட்டையாக இருந்தால் அதிலும் ரீப்பர் துண்டைப் பிணைத்து நீட்டிக்கொள்ளலாம்.

அடுத்து, தண்டுக்கும் ஓரப்பட்டைக்கும் உள்ள கோணத்தை மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஒட்டியிருக்கும் அளவுக்கோலை நம்ப வேண்டாம். அது ஏதோ ஒரு ரம்பத்துக்காகக் கணக்கிட்டு ஒட்டியது. ஓரப்பட்டையிலிருந்து பல்லின் உள்முனைவரை இரும்பு ஸ்கேலால் நேரடியாக அளந்து, வீணான துண்டு ஒன்றில் அறுத்துப் பார்த்து, பிறகு நல்ல பலகையில் கை வையுங்கள். பிளாஸ்டிக் தலை கொண்ட இறுக்குத் திருகுகள் சீக்கிரம் மரை தேயும், இரும்புத் திருகுகள் நம் பனிக்காற்றில் துருப்பிடிக்கும். அதே மரையில் துருப்பிடிக்காத திருகுகளைக் கோயம்புத்தூர்க் கடைகளில் வாங்கி மாற்றிவிடலாம். இணையத்தில் வாங்குவதானால் உங்கள் பின்கோடிலிருந்து பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன சோதனைகளில் தோற்கும் கைடைத் திருப்பி அனுப்ப முடியாவிட்டால் அந்தப் பணம் போனதுதான்.

எந்தக் கைடைப் பயன்படுத்தினாலும் சில பழக்கங்கள் மாறக் கூடாது. பிளேடு பலகைக்குக் கீழே கால் அங்குலம் மட்டும் எட்டிப் பார்க்கும்படி ஆழத்தை வையுங்கள். அறுந்து விழும் துண்டு தொங்காதபடி இரு பக்கமும் தாங்கு கொடுங்கள். சில்வர் ஓக்கில், குறிப்பாகச் சரியாகக் காயாத பலகையில், உள் இறுக்கம் விடுபட்டு அறுத்த வாய் பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொள்வதுண்டு. ஓரிரு அடி அறுத்ததும் நிறுத்தி, பிளேடு முழுவதும் நின்ற பிறகு, வாயில் சிறிய ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டுத் தொடருங்கள். ரம்பம் போகும் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்.

கைடைத் தேடும்போது அதன் பக்கத்திலேயே, ஆங்கிள் கிரைண்டரில் மாட்டி மரம் அறுக்கும் சங்கிலி வட்டும், கிரைண்டரைச் சங்கிலி ரம்பமாக மாற்றும் இணைப்பும் மலிவாகக் காட்டப்படும். அவற்றை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழலும், மரம் அறுப்பதற்கான காப்பு அதில் கிடையாது. சங்கிலி மரத்தில் மாட்டிக்கொண்டால் கருவி உங்கள் கையைவிட்டு உங்கள் மேலேயே பாயும்.

கடைசியாக மார்பிள் கட்டர். தமிழ்நாடு முழுவதும் தச்சர்கள் அதில் 110 மி.மீ. டி.சி.டி. பிளேடு மாட்டி பிளைவுட் அறுப்பதை நான் அறிவேன். ஆனாலும் இந்தக் கைடை அதில் மாட்ட நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அறுக்கும் ஆழம் ஏறத்தாழ 34 மி.மீ.; கைடின் தட்டு 8 மி.மீ. தடிமனாக இருந்தால் மீதி 26 மி.மீ., ஓர் அங்குலப் பலகையைத் தாண்டிப் பல் வெளியே வருவதே அரிது. அதன் அடித்தகடு சிறியது என்பதால் நீண்ட தண்டின் இழுப்பைத் தாங்காமல் சாயும். வேகமோ நிமிடத்துக்குச் சுமார் 13,000 சுற்று: பல் விநாடிக்கு 75 மீட்டர் பாய்கிறது, 5,500 சுற்றில் ஓடும் உங்கள் 7 அங்குல ரம்பத்தில் அது 53 மீட்டர்தான். தூக்கியவுடன் தானாக மூடிக்கொள்ளும் கீழ்க் காப்பும் அதில் இல்லை. தம்பிக்கு பிளைவுட் அறுத்தே ஆக வேண்டுமானால், மேலே சொன்ன முறையிலேயே மார்பிள் கட்டருக்கென்று தனியாக ஒரு பிளைவுட் கைடைச் செய்துகொடுங்கள். அதன் கீழ்ப்பட்டை 6 மி.மீ.க்கு மேல் போகாமலும், மேல் சட்டம் மோட்டாரின் உடலில் இடிக்காத உயரத்திலும் இருக்கட்டும், 18 மி.மீ.க்குத் தடித்த எதையும் அதில் அறுக்க வேண்டாம்.